முதல் வரியில் ரீபூட்

கர்னல்காரருக்குத் தன் வேலையில் கர்வம் அதிகம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறான கர்னலில் கைவிட்டு வேலை பார்க்கிறவர், இருக்காதா பின்னே?

அவர் எடுத்த சிக்கல் இது: மெமரியில் காலியிடம் ஏராளம், ஆனால் எல்லாம் துண்டு துண்டு. பஸ்ஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாக சீட் இருந்தும், குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாத கதை. பெரிய இடம் கேட்கும் புரோகிராம் திணறி நின்றுவிடும். பயன்பாட்டில் இருப்பதையெல்லாம் ஓரமாக நகர்த்தி, காலியிடத்தை ஒன்றுசேர்க்க அவர் கோட் எழுதினார். சோதித்தார். பிரமாதமாக ஓடியது.

சோதனைக் குழுவில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, இருந்தான். இன்னும் வேலை நிரந்தரமாகாதவன். பல நாள் விடாமல் ஓடினால் மெஷின் மறுபடியும் திணறுகிறது என்று அறிக்கை கொடுத்தான். நிறைந்த கூட்டத்தில் அவர் எகிறினார்.

"என் மெஷின்ல ஜம்முனு ஓடுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன் அறிக்கையை மடித்து வைத்துக்கொண்டான். மேனேஜர் தனியாகக் கேட்டபோதும், "பையனுக்குக் கவனம் பத்தாது" என்று சொல்லிவைத்தார். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டாதவர் என்று பெயர் வாங்கும் ஆசை வேறு.

அவனை வேலையில் வைப்பதா, அனுப்புவதா என்று முடிவெடுக்கும் கூட்டம் இன்று மதியம். அதற்குச் சற்று முன் வேறெதற்கோ தன் சோதனை ஸ்கிரிப்டைத் திறந்தார். முதல் வரியிலேயே ரீபூட். அவரே எழுதியது. ஒவ்வொரு முறையும் மெஷின் புதிதாக எழும். மெமரி துண்டு துண்டாகக் கலைவதற்குள் சோதனை முடிந்துவிடும். கூட்டிப் பெருக்கிய வெறும் வீட்டைப் பார்த்துவிட்டு, 'எவ்வளவு ஒழுங்கு' என்று மெச்சியிருக்கிறார். காது மடல் சுட்டது.

அவர் தேடிப் போனபோது மச்சினன் தன் மேஜையை ஒழித்து, சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னோடதுடா. முதல் வரியிலயே ரீபூட் இருக்கு."

"தெரியும் அத்தான். அன்னிக்குக் கூட்டத்துக்கு முன்னாடியே பார்த்தேன். தனியா சொல்ல வந்தேன், அப்புறம் வான்னு விரட்டிட்டீங்க."

"கூட்டத்துல சொல்லியிருக்கலாமேடா!"

"எல்லார் முன்னாடியும் உங்களுக்குத்தானே அசிங்கம்? அக்காவை நினைச்சேன், விட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது அவருக்கு. அவன் கையைப் பிடித்து, மதியக் கூட்டம் கூடியிருந்த மீட்டிங் அறைக்கு இழுத்துப் போனார். அந்த வரியைத் திரையில் போட்டார்.

"இவன் சொன்னதுதான் சரி. ஒழுங்கா சோதிக்காதது நான்."

யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் அறையே சிரித்தது. மச்சினனின் வேலையை அங்கேயே உறுதிசெய்த மேனேஜரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் தலைகுனிந்து நின்றவன் மச்சினன் ஒருவன்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.