மணியடித்தவனுக்கு ஒரு சிபாரிசு

தென்காசி மாணவர் உதவிச் சங்கத்துக்குப் பலகை மட்டும்தான் பெரியது. ஜவுளிக்கடை மாடியில் ஏறிப் பார்த்தால் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, அப்புறம் பால்வண்ணநாதன். அவ்வளவுதான் சங்கம். பகலெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவர், கோர்ட்டு கலைந்ததும் அங்கே வந்து உட்காருவார். திருநெல்வேலியில் காலேஜ் படிக்கிற இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு எது வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். ஹாஸ்டலில் தகராறு, வருகை குறைந்துபோனது, பரீட்சைக்கு விட மாட்டேன் என்கிறார்கள், எதுவானாலும் சரி. அவர் மனு எழுதுவார். பிறகு பையனைக் கூட்டிக்கொண்டு போய், காலேஜ் பெரியவர்கள் முன்னால் அவனுக்காகப் பேசுவார்.

இத்தனைக்கும் ஆள் சரியான பயந்தாங்கொள்ளி. தபால்காரன் காக்கியைத் தூரத்தில் பார்த்தாலே ஒருதரம் எச்சில் விழுங்குகிறவர். அப்படிப்பட்டவரை யார் இந்த வேலைக்குப் பிடித்துப் போட்டது என்று ஊரில் கேலி பேசாதவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பயமே அவருக்குத் துணையாக இருந்தது. உடம்பு நடுங்க, மனுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வயசாளி நிற்பதைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் கோபம் பாதி இறங்கிவிடும். இன்னொன்று, அவர் பொய் சொன்னது கிடையாது. சொல்லப் பயம்.

அந்த வழக்கம் நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கெட்டது.

தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே வைத்த வாரம் அது. திருநெல்வேலிக் காலேஜில் காலை பத்தேகாலுக்கு எவனோ ஒருவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து பெரிய மணியை விடாமல் அடித்தான். பையன்கள் அத்தனை பேரும் வகுப்பை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, தடி வந்தது, நாலு பேருக்கு மண்டை உடைந்தது. மணியடித்தவன் யார் என்று விசாரணை. பியூன் ஒருவன், வாசுதேவநல்லூர் நம்பிராஜன் மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டான்.

மாதிரி என்ன மாதிரி, அவனேதான். பி.ஏ. கடைசி வருஷம். தகப்பனார் இல்லை, வயலைக் கவனித்துக்கொண்டு அவனைப் படிக்க வைத்தவள் தாயார் முருகம்மாள். காலேஜை விட்டு நீக்கினால் மாகாணத்தில் வேறே எந்தக் காலேஜும் கதவு திறக்காது. அதோடு போகாது. மணியடித்த பையன் என்று பெயர் போலீசுக்கும் போகும். அவர்கள் கூட்டிக்கொண்டு போன பையன்களில் சிலர் என்ன ஆனார்கள் என்று பெற்றவர்களுக்கே தெரியாத நாள் அது.

முருகம்மாள் சங்கத்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையில்தான் பால்வண்ணநாதன் அந்தக் காரியத்தைச் செய்தார். செங்கோட்டையில் அவருக்கு ஒரு டாக்டர் சிநேகிதர் உண்டு. சம்பவம் நடந்த நாளில் நம்பிராஜன் குளிர்காய்ச்சலோடு தென்காசியில் படுத்திருந்தான் என்று அவரிடம் ஒரு சர்ட்டிபிகேட் எழுதி வாங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வாங்கின நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் கிடையாது. 

பிரின்ஸிபால் ஜூனில் வந்த புதுசு. பால்வண்ணநாதன் அவரைத் தலைப்பாகையும் கோட்டுமாகத் தூரத்தில் ஒருதரம் பார்த்ததோடு சரி. மனிதர் லீவில் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறார், நீக்கும் உத்தரவில் நாளைக் காலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார் என்று தகவல் வந்தது. பால்வண்ணநாதன் பையனைக் கூட்டிக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறினார். வழி நெடுக ஒத்திகை. என்றைக்குக் காய்ச்சல் வந்தது, எத்தனை நாள், யார் மருந்து கொடுத்தது? நம்பிராஜன் தடுமாறாமல் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல இவர்தான் சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பங்களாவில் வேலைக்காரன், ஐயா தூங்குகிறார், ஐந்து மணிக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டான். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. பையனைச் சத்திரத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, தலையில் நாலு செம்பு தண்ணீர் விழுந்தால் நடுக்கம் நிற்குமோ என்று பால்வண்ணநாதன் பேரருவிக்குப் போனார்.

சீசன் குற்றாலத்தில் அருவிக்கரையில் யார் ஜமீன்தார், யார் ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை என்று எவனாலும் சொல்ல முடியாது. எல்லாருக்கும் இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். அப்படி உட்கார்ந்தவர்கள் முன்பின் தெரியாத ஆளிடம் வீட்டுச் சண்டை, வழக்கு, மூலக்கடுப்பு எல்லாவற்றையும் கொட்டுவார்கள். குளித்துத் துடைத்து வேட்டி கட்டியதும் அவரவர் வழி. பால்வண்ணநாதனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

பக்கத்துப் பாறையில் வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிறவன் அவர் முதுகை அறைந்துகொண்டிருந்தான். எந்த ஊர், என்ன சங்கதி என்று அவர்தான் பேச்சைத் தொடங்கினார். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இவருக்கு. காலேஜ், மணி, காய்ச்சல் இல்லாத காய்ச்சல், செங்கோட்டை டாக்டர் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டார். பையன் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

வழுக்கைத் தலையர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் எண்ணெய் போகாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டு இவரை ஒருதரம் நன்றாகப் பார்த்தார்.

"அப்போ பொய் சர்ட்டிபிகேட்தான்னு சொல்லுங்க."

பால்வண்ணநாதன் அசடாகச் சிரித்தார். வழுக்கைத் தலையர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி, சாயங்காலம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார்.

சாயங்காலமா? எந்தச் சாயங்காலம்? ஒரு பேச்சுக்குச் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் பால்வண்ணநாதனுக்குக் காதில் அது வேறாக விழுந்தது. எண்ணெய் தேய்க்கிறவனிடம் அவர் யார் என்று விசாரித்தார்.

"பேரு தெரியாது அண்ணாச்சி. பெரிய உத்தியோகம்னு சொல்லுதாக. ஐந்தருவி ரோட்டுல அங்கன ஏதோ பங்களாவுலதான் இருக்காக."

பிரின்ஸிபாலின் பங்களாவும் ஐந்தருவி ரோட்டில்தான். பால்வண்ணநாதன் குளிக்கவில்லை. எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அருவி இரைச்சலில் அவர் பல் அடித்துக்கொண்ட சத்தம் வெளியே கேட்கவில்லை. ஐந்தருவி ரோட்டில் எத்தனை பங்களா இருக்கிறது, சீசனுக்கு எத்தனை உத்தியோகஸ்தன் வருகிறான் என்று நிதானமாக எண்ணிப் பார்த்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மனுஷருக்கு அதற்குமேல் நிதானம் ஏது?

சத்திரத்துக்குத் திரும்பியதும் பையனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். மூன்றுதரம் வாயெடுத்தார். முதல்தரம் பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டாந்தரம், பாடத்தை மறுபடியும் சொல்லிக் காட்டட்டுமா என்று அவனே கேட்டான். மூன்றாந்தரம் சொல்லத் துணிந்தபோது நம்பிராஜன் முந்திக்கொண்டான்.

"நீங்க கூட இருக்கீகல்லா அண்ணாச்சி, எனக்குப் பயமே இல்ல."

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? போகாமல் திரும்பிவிடலாமா என்றால் காலையில் உத்தரவு போய்விடும். போனால் அந்த ஆள் உட்கார்ந்திருப்பார். ஐந்து மணிக்கு ஐந்தருவி ரோட்டில் சாரலில் நனைந்துகொண்டு நடந்தபோது, பின்னால் வருகிற பையனைத் தானே கசாப்புக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி அவருக்கு இருந்தது.

பங்களா அறையில் மலை மேகம் இறங்கி அரை இருட்டாகக் கிடந்தது. பிரின்ஸிபால் தலைப்பாகை, கோட்டு, மூக்குக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர் சகிதம் நாற்காலியில் இருந்தார். அதே தொந்தி. தலைப்பாகைக்குள்ளே வழுக்கை இருக்கிறதா என்று யார் கண்டது? பால்வண்ணநாதன் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார். அப்போது பிரின்ஸிபால் தொண்டையைக் கனைத்தார். அதே கனைப்பு. 

மனுவைப் படித்தார். சர்ட்டிபிகேட்டை விளக்கருகில் பிடித்துப் படித்தார். பையனைப் பார்த்து, என்றைக்குக் காய்ச்சல் வந்தது என்று கேட்டார். நம்பிராஜன் சொன்னான். எத்தனை நாள் என்றார், அதையும் சொன்னான். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவன் பொய்யை அழகாகச் சொல்லச் சொல்லப் பால்வண்ணநாதனுக்குக் கண் இருட்டியது. எல்லாம் தெரிந்துகொண்டே இந்த மனுஷர் கேட்கிறார், பூனை எலியோடு விளையாடுகிறது, பையன் தன் கழுத்தில் தானே கயிற்றை இறுக்கிக்கொண்டு போகிறான், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தார்.

பிரின்ஸிபால் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். நீக்கும் உத்தரவு ஒரு பக்கம் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு வேறொரு தாளை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு எதையோ யோசித்தவராகத் தலையைத் தூக்கிப் பால்வண்ணநாதனைப் பார்த்தார்.

"உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

அவ்வளவுதான். பால்வண்ணநாதன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பையன் மேல தப்பில்ல சார். அவன விட்டுருங்க. சர்ட்டிபிகேட் பொய்னு நான் காலையில அருவிக்கரையிலயே உங்ககிட்டச் சொல்லிட்டேன். நாந்தான் அவனப் பொய் சொல்லப் பழக்குனேன். எந்தத் தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க."

 பிரின்ஸிபால் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, ஒன்றும் புரியாத மலைப்புத்தான் வந்தது. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அருவியா? நான் மூணு நாளாக இந்த அறையை விட்டு வெளியே போகவில்லை ஐயா. ஜலதோஷம். ஜூன் மாதம் ஆபீஸ் வராந்தாவில் நாலைந்து பையன்களோடு நின்றீர்களே, அதைத்தான் கேட்டேன்."

பால்வண்ணநாதனுக்கு அது காதில் விழுந்தது, மூளைக்குப் போகச் சற்று நேரம் ஆயிற்று. போய்ச் சேர்ந்ததும் அவர் மேஜையை விட்டுக் கையை எடுத்தார். முன்னால் இழுத்துப் போட்ட தாளில், தலைகீழாகத் தெரிந்தாலும், வக்கீல் குமாஸ்தா கண்ணுக்கு எழுத்துத் தப்பாது. நம்பிராஜனைக் காலேஜில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் எழுதிவைத்த இன்னொரு உத்தரவு அது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பிரின்ஸிபால் பேனாவை மூடினார். வருத்தமாகத்தான் சொன்னார், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. காதில் விழுந்ததை விழாததாக வைத்துக்கொள்ள முடியாது, நாளைக்குப் போலீஸ் கேட்டால் தானும் பதில் சொல்ல வேண்டும் என்றார். சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பால்வண்ணநாதன் கையில் கொடுத்து, இதைக் கிழித்துப் போடுங்கள், டாக்டராவது பிழைக்கட்டும் என்றார். நம்பிராஜன் ஓரடி முன்னால் வந்து, மணியை அடித்தது தான்தான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நின்றான். பிரின்ஸிபால் அவனை நிமிர்ந்து பார்க்காமல், தள்ளி வைத்திருந்த நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது சாரல் வலுத்திருந்தது. பால்வண்ணநாதன் வழியைப் பார்க்காமல் நடந்தார். பையன்தான் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள், தென்காசிக் கோபுரமும் தெரிந்தது. அப்புறம் பையன் மெதுவாகக் கேட்டான்.

"அவரு கையெழுத்துப் போடப் போனாரு, இல்லையா அண்ணாச்சி?"

"ஆமாடே."

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டு, திட்டி, இரண்டு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்று இவருக்கு இருந்தது. போலீசுக்குப் பெயர் எப்போது போகும், நாளைக்கா, நாளை மறுநாளா என்று கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு தெருமுனையிலும் காக்கித் துணி தெரிகிறதா என்று பார்த்தார். பயம் இப்போதும் விட்டபாடில்லை, ஆனால் முதல்தரமாக அது தன்னைப் பற்றிய பயம் இல்லை.

சங்கத்து மாடிப்படியில் முருகம்மாள் காலையில் இவர்கள் புறப்பட்டபோது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள். மகனைப் பார்க்கவில்லை, நேரே பால்வண்ணநாதன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னய்யா சொன்னாக?"

இருபது வருஷமாகப் பிறத்தியான் பிள்ளைகளுக்காகப் பேசின வாய். திறந்தது, காற்றுத்தான் வந்தது. நான்தான் கெடுத்தேன் தாயீ என்ற மூன்று வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். அது நாக்கில் ஏறமாட்டேன் என்கிறது. அவள் கண் அவரை விட்டு அகலவில்லை. பக்கத்தில் நின்ற நம்பிராஜன் ஒருதரம் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தாயாரிடம், ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னான்.

"அண்ணாச்சி எவ்வளவோ நல்லாத்தான் பேசுனாகம்மா. அந்தாளுதான் கேக்கமாட்டேன்னுட்டாரு."

முருகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்காக இவ்வளவு தூரம் அலைஞ்சீகளே ஐயா என்று பால்வண்ணநாதனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றார்.