சாத்த வராத ஜன்னல்

மெத்தையைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். இத்தனை நாளும் அந்த இன்னொரு ஆள் அப்பாதான். அவள் ஒரு முனையைத் தூக்கித் தோளில் முட்டுக்கொடுத்து நின்றாள். பாதி எழுந்த மெத்தை அவள்மேலேயே சாய்ந்தது.

ஒழுகும் குழாயைப் பார்க்கிறேன் என்று காலையில் இந்த ஆறாம் அறைக்கு வந்தவர், கருவிப் பையை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே சாய்ந்திருக்கிறார். விடுதிக்கு வருகிறவர்களின் படுக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. டீ கொண்டுவந்தபோது அவள் அதைப் பார்த்துத்தான் முதலில் பயந்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். விரிப்பு நனைந்திருந்தது. மெத்தைக்கும் இறங்கியிருக்குமோ என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அப்பா போய்விட்டார் என்று நினைத்தாள். அந்த வரிசையை அவளால் இப்போதும் மாற்ற முடியவில்லை.

"ஏண்டி, உங்கப்பனைப் பின்னாடி வீட்டுல கிடத்திட்டு நீ இங்க மெத்தையோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கறியே!"

அத்தை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்பாவின் அக்கா. மாடிப்படி அவளுக்கு ஆகாது.

"அப்பாகிட்ட யாரு இருக்கா?"

"சமையல்காரர் உக்காந்திருக்கார். உங்கண்ணன் பாதி வழி வந்துட்டானாம்."

"அந்தப் பக்கம் பிடிங்க அத்தை."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள். மெத்தை புரண்டு விழுந்தது. "உயிரோட இருந்தவரைக்கும் என்னை ஒரு வேலை வாங்கல. செத்த அன்னைக்கு வாங்கறான் பாரு" என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, பாதியில் நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மேனேஜர் கீழ நிக்கறார். சாயங்காலம் இந்த ரூமுக்குப் புருஷன் பெண்டாட்டி யாரோ வர்றாங்களாம். சட்டுனு முடிச்சுக் குடுத்துடு. நீங்க இருக்கற வீடு உங்கப்பன் வேலைக்காகக் குடுத்தது. இனிமே அவங்க வச்சதுதான் சட்டம். முறைச்சுக்காத."

"நான் எங்க முறைச்சேன்?"

அவள் ஜன்னலைத் திறந்தாள். தோட்டத்து ஈரக்காற்று உள்ளே வந்தது.

இந்த விடுதி, யாரோ ஒரு செல்வர் கோடைக்கு வந்து தங்கக் கட்டிய வீடு. இந்த அறை அவர் மகள் பாட்டுப் படித்த அறை என்பார்கள். வீடு ஆஸ்பத்திரி ஆனபோது இங்கே நாலு கட்டில் போட்டார்கள். அப்பா வார்டு வேலைக்குச் சேர்ந்தார். ஜன்னலோரக் கட்டிலில்தான் அவள் பிறந்தாள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது. அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து உலகத்து நதிகளை மனப்பாடம் செய்தாள். நடுவில் கொஞ்ச காலம் வௌவால்கள் குடியிருந்தன. இப்போது விடுதி, அவள் விரிப்பு மாற்றுகிறாள். வீடு மாறமாற அப்பாவின் சட்டையும் மாறியது. வெள்ளை, காக்கி, கடைசியில் பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்பு. ஆனால் இந்த அறைக்குள் அவர் நேராக நடந்ததில்லை. கம்பளத்துக்கு அடியில் இருந்த அந்த நாலு கட்டில்களின் தடங்களைச் சுற்றித்தான் நடப்பார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவரின் மெத்தையைப் புரட்டிப்போட்டு, ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். மறுநாள் காலைவரை அந்தக் கட்டிலில் யாரையும் படுக்கவிட மாட்டார்கள். வராந்தாவில் நோயாளிகள் தரையில் கிடந்தாலும் அப்படித்தான். அது மருத்துவம் இல்லை என்று அப்பாவுக்கும் தெரியும். "படுத்திருந்தவன் எந்திரிச்சுப் போக நேரம் வேணாமா?" என்பார்.

போன வருஷம் மூன்றாம் அறையில் ஒரு வயதானவர் தூக்கத்தில் இறந்தார். அன்று அப்பா தானே எழுதி வைத்திருந்த 'பழுது' பலகையைக் கதவில் மாட்டினார். என்ன பழுது என்று மேனேஜர் கேட்டதற்கு, ஜன்னல் சாத்த வரவில்லை என்றார். எதற்கு இந்த வீண் பொய் என்று அவள் இரவெல்லாம் அவரைத் திட்டினாள். அவர் சாப்பிட்டு எழுந்து போனார்.

அவள் இப்போது துணி அலமாரியைத் திறந்தாள். புதிய விரிப்புகளுக்கு அடியில் பலகை கிடந்தது. எடுத்தாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாம்டி."

மாட்டினாள்.

மேனேஜர் மேலே வந்தார். அவளைவிடச் சின்னவர். காலையில் அப்பாவைத் தூக்க ஒரு கை கொடுத்தவர். காலர் இன்னும் கசங்கியிருந்தது.

"அக்கா... போர்டு தொங்குது."

"பழுது சார்."

"அவங்க கிளம்பிட்டாங்க. வேற ரூம் இல்லக்கா. என்ன பழுது?"

"ஜன்னல் சாத்த வரல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். ஜன்னல் சாத்தும் ஓசை கேட்டது. உரசல்கூட இல்லை. கொக்கி சுலபமாக விழுந்தது. அப்பா எண்ணெய் போட்டு வைத்திருந்த கொக்கி. அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்வீட்டுச் சமையலறைப் பலகையில் இருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எதில் எதைப் போட்டுக் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

பிறகு கொக்கி எடுபடும் ஓசை. மேனேஜர் வெளியே வந்து கதவை ஒருக்களித்தார். காற்றில் பலகை ஆடியது. அதைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆமாக்கா. சாத்த வரல. நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

அவள் தலையாட்டினாள்.

"அவங்களுக்கு என் ரூமைக் குடுத்துடறேன்" என்றவர் தயங்கினார். "விரிப்பு மட்டும்... வேற ஆள் இல்ல. கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"மாத்தித் தரேன் சார்."

மேனேஜரின் மெத்தை லேசானது. ஒரே ஆள் போதுமாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டபோது லேசாகத் தூறியது. அண்ணன் முன்னால் உட்கார்ந்தான். அவளும் அத்தையும் அப்பாவின் பக்கத்தில். வண்டி தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டின் முன்பக்கம் வந்தது. எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. உள்ளே விளக்கு எரிந்தது. மாடியில் ஒன்று மட்டும் இருட்டாகத் திறந்து கிடந்தது.

"மழை உள்ள அடிக்குமேடி. கம்பளம் நனைஞ்சுடும்" என்றாள் அத்தை.

"நனையட்டும் அத்தை."

திரைச்சீலை வெளியே வந்து, சுவரில் ஒட்டிக்கொண்டது.