நாலு சுற்று இறங்கிய போல்ட்டு

1

ஒரு கடிதத்தை நான் தாமதமாகத் தபாலில் போட்டேன். இந்தக் கதை அதிலிருந்து வந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது ஒளித்துவிடுவேன்.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘ஜோகுபாளையத்தில் காலை வெயில் ஒர்க்‌ஷாப் தகரத்தின் மேல்—’ (வெயிலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

‘உத்தமன் யாருக்கும் கெடுதல் நினைக்காத—’ (நினைக்காமலே செய்யலாம்.)

‘1997 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை.’ இது நிற்கட்டும்.

2

அன்றைக்கு மெக்கானிக் உத்தமன் சீனுவின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். 1954 வண்டி, சீனுவின் அப்பா ஓட்டியது. முன் பிரேக்கின் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்து வைப்பது ஒரே ஒரு போல்ட்டு. அதைக் கழற்றியபோது, துளைக்குள் இருந்த மரையில் பாதியும் சுருள் சுருளாகக் கூடவே வந்துவிட்டது.

(இதைத் தெரிந்துகொண்டால் போதும்: இந்தப் பழைய இங்கிலாந்து வண்டிகளுக்கு அங்குலக் கணக்கு. அந்தத் துளைக்கு அங்குலத்துக்கு இருபத்திரண்டு மரை. நம் கடைகளில் கிடைப்பது மில்லிமீட்டர் போல்ட்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே பருமன். கையால் திருகினால் இரண்டு சுற்று போகும், ஸ்பானர் போட்டால் இன்னும் இரண்டு. அப்புறம் அசையாது. இறுகிவிட்டது என்று கை நினைக்கும். இறுகவில்லை, சிக்கிக்கொண்டிருக்கிறது.)

துளையைப் பெரிதாக்கி, புஷ் என்கிற சின்ன உலோகக் குழலை இறக்கி, அதற்குள் புதிதாக மரை வெட்டுவதுதான் முறை. மரை வெட்டுகிற டேப் உத்தமனிடம் மழுங்கிப்போயிருந்தது. இங்கிலாந்துக்கு எழுதித்தான் வாங்க வேண்டும்.

“எவ்ளோ நாள் ஆகும் குரு?” என்றான் சீனு.

“லெட்டர் போய் பார்சல் வர ஒண்ணரை மாசம்.”

“ஒண்ணரை மாசமா? ஃபேக்டரில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வண்டியும் இல்லன்னா பாகீரதி என்னை அரிசியில கல்லு பொறுக்க உக்கார வெச்சிடுவா.”

உத்தமன் சிரித்தான். சிரித்துக்கொண்டே டப்பாவில் துழாவி ஒரு எட்டு மில்லி போல்ட்டை எடுத்தான். நாலு சுற்று இறங்கி நின்றது. இது தப்பு என்று தெரியாமல் இல்லை, கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீளத்துக்குத் தலைக்குக் கீழே வாஷர்களை அடுக்கினான்.

“பார்சல் வர்ற வரைக்கும் முன் பிரேக்கைத் தொடாதே. பின் பிரேக்கு மட்டும்.”

“தொடமாட்டேன் சாமி!”

3

அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவன் நான், உத்தமனின் சிநேகிதன். காக்ஸ் டவுனில் ஒரு ஆபீசில் கிளார்க். வாணியம்பாடிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் படித்தவன். மார்ஜின் இரண்டு விரல். ஒரு அடித்தல் இருந்தாலும் மறுநகல்.

முதல் நகலில் துளையின் படம் கோணிக்கொண்டது. இரண்டாவதில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்கு எப்படி முடிப்பது மரியாதை என்று சந்தேகம் வந்தது. மூன்றாவதில் மைப் பொட்டு. நாலாவது நன்றாக வந்தது. நன்றாக வந்ததால், பையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் எடுத்து எடுத்துப் படித்தேன்.

ஜூன் 24 அன்று போட்டேன். ஆகஸ்ட் 2 அன்று பார்சல் வந்தது. முப்பத்தொன்பது நாள். ஜூன் 3 அன்றே போட்டிருந்தால் ஜூலை 12 அன்று வந்திருக்கும்.

சீனு செத்தது ஜூலை 19.

[இந்தப் பத்தியை மூன்று தடவை இடம் மாற்றினேன். கணக்கு மாறவில்லை.]

பழைய மெட்ராஸ் ரோடு, காலை ஒன்பதரை. முன்னால் போன பஸ் சட்டென்று நின்றிருக்க வேண்டும். கைப்பழக்கத்தில் சீனு முன் பிரேக்கைப் பிடித்தான். போல்ட்டு பிடுங்கிக்கொண்டது, சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி எதிர் லாரியின் அடியில் போனது. “நேரா லாரிக்குள்ளயே விட்டான்யா” என்றார்கள் பார்த்தவர்கள். வேலை போனவன் என்று தெரிந்ததும் மீதியை ஊர் பூர்த்தி செய்துகொண்டது.

4

ஆகஸ்ட் 4. சீனுவின் மனைவி பாகீரதி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். மகள் சிந்துவின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, வண்டியோடு சேர்த்துப் போலீஸ் தன்னிடம் கொடுத்திருந்த போல்ட்டை எடுத்து நீட்டினாள்.

“உத்தமண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது முன்னாடியே கழண்டுதா, விழுந்தப்புறம் கழண்டுதா?”

உத்தமன் வாங்கிப் பார்த்தான். நுனியில் நாலு மரை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அதற்கு மேலே எல்லாம் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி. அவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிக் காட்ட முடியாது.

“ஏம்மா கேக்கற?”

“சிந்து சாப்பிட மாட்டேங்கறா. ‘அப்பா நம்மள வேணாம்னுதானே போனாரு’ன்னு கேக்கறா. ஒம்பது வயசுண்ணா. ஸ்கூல்ல எவளோ சொல்லியிருக்கா. கழண்டுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். யார் மேலயும் எனக்குக் கோவம் வராது. கோவப்பட தெம்பில்ல.”

முடிவு அ: உத்தமன் தலையைக் குனிந்துகொண்டு, “கழண்டுதும்மா. நான் போட்டதுதான்” என்கிறான். (இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாக இருந்தது. நடக்கவில்லை.)

முடிவு ஆ: ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து— (அரை வரிக்கு மேல் போகவில்லை.)

நடந்தது இது. சொல்லிவிடலாம் என்று உத்தமனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அப்புறம் அவனே எனக்குச் சொன்னான். ஆனால் வாயிலிருந்து வந்தது: “விழற வேகத்துல எல்லாமே பிச்சிக்கும்மா. எது முன்ன, எது பின்னன்னு சொல்ல முடியாது.”

அவள் என் பக்கம் திரும்பினாள். என் மடியில் இங்கிலாந்துத் தபால்தலையோடு பார்சல், இன்னும் பிரிக்காமல்.

“அது என்ன சார்?”

“புஸ்தகம்” என்றேன்.

போல்ட்டை உள்ளே வைத்து ஜாமெட்ரி பாக்ஸை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள்.

5

ஒரு மாதம் கழித்து உத்தமன் சொன்னான்: “முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. நீ எழுதற ஆள்தானே, எழுதிக் குடு. கையெழுத்துப் போடறேன்.”

எழுதினேன். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கினேன், செய்தியோடு ஒட்டவில்லை. ‘அன்புள்ள’ என்றேன், கூசியது. “ஆச்சா?” என்று வாராவாரம் கேட்பான். “நகல் எடுத்துட்டிருக்கேன்” என்பேன். ஆறு மாதத்தில் கேட்பதை விட்டுவிட்டான். 2001 மார்ச்சில் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கையெழுத்தில்லாத நாலு நகல் என் அலமாரியில் இருக்கிறது.

இது ஐந்தாவது. கதை என்று பெயர் போட்டுவிட்டேன். கதைக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

6

பாகீரதியும் மகளும் ஜோகுபாளையத்தில் இப்போது இல்லை. விசாரித்தால் தெரியும். விசாரிக்கவில்லை. ஏழு வருஷம் ஆகிறது, பெண்ணுக்குப் பதினாறு.

பெயர்களை மாற்றிவிட்டேன். வண்டியை, ரோட்டை, தெருவை மாற்றிவிட்டேன். கோழை எழுதினால் அப்படித்தான் எழுதுவான். தேதிகளையும் போல்ட்டையும் மட்டும் தொடவில்லை.

முடிவு என்னிடம் இல்லை. உங்கள் வீட்டில், மூடி சரியாக உட்காராத ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ் இல்லையென்றால் இது உங்களுக்கு வெறும் கதை. மடித்து வைத்துவிடலாம்.

இருந்தால், அதற்குள் இருப்பதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நுனியிலிருந்து எண்ணிப் பாரம்மா. நாலு நசுங்கியிருக்கும். ஐந்தாவது புதிதாக இருக்கும். அது முன்னாடியே கழண்டதுதான். உன் பெயர் சிந்து இல்லை, எனக்குத் தெரியும். உன் அப்பா பிரேக் பிடித்தார்.