மரணங்களை வழங்குவோர்

1994 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. மினசோட்டாவின் மேற்கே ஹார்ஸ்டட் ஊரில் ஒன்பதாம் சேனல் என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம், முப்பத்தொரு ஆண்டுகளாக இணைந்திருந்த தேசிய நெட்வொர்க்கை விட்டு வேறொன்றுக்கு மாறியது.

நிலையத்தை டெக்சாஸ் நிறுவனம் ஒன்று அந்தக் கோடையில்தான் வாங்கியிருந்தது. நான்காவது உரிமையாளர். இதுவரை வந்த எல்லோருமே புதுச் சின்னம் வரைந்த பெரிய கேக்கோடுதான் வந்தார்கள்.

"கேக் வந்தா கத்தியும் கூடவே வரும்," என்றார் கேமராமேன் டுவெய்ன், தட்டை நீட்டிக்கொண்டே.

வெர்னா டோலஃப்சன் சிரிக்கவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு ஊரில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது அவர் வேலை. யார், எந்த சர்ச், எப்போது அடக்கம், அதன் பிறகு சாப்பாடு எங்கே. அதைக் கேட்டுத்தான் ஊர்ப் பெண்கள் அந்தச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போக உருளைக்கிழங்கை அடுப்பில் வைப்பார்கள். அந்த நேரத்தில் இனி நெட்வொர்க்கின் வினாடி வினா வரும் என்று பேச்சு.

வெர்னா புது மேலாளர் க்ரெய்க் டுப்ரீயைப் போய்ப் பார்த்தார்.

"விளம்பரமே இல்லாம பத்து நிமிஷம் ஓடுறத நான் எங்கயும் பார்த்ததில்ல, வெர்னா. ஒரு ஸ்பான்சர் கிடைச்சா உங்க நிகழ்ச்சி இருக்கும்."

"சாவுக்கு யாருங்க ஸ்பான்சர் வருவா?"

"அதைத் தொழிலா வச்சிருக்கிறவங்க."

ஹார்ஸ்டட்டில் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்கள் இரண்டு. புராட்டஸ்டன்ட் பிரிவினரான லூத்தரன்கள் ஸ்டென்ஸ்ருட்டிடம் போவார்கள், கத்தோலிக்கர்கள் ப்ரூக்மனிடம். இருவரும் காலையில் பெயர்களை வெர்னாவிடம் தொலைபேசியில் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் இருவரும் விளம்பரம் செய்ததில்லை. எங்கும் எழுதி வைத்த விதியல்ல. டுப்ரீக்கு அது தெரியாது. வெர்னாவுக்குத் தெரியும், சொன்னால் நிகழ்ச்சி போய்விடும் என்பதும் தெரியும். பேசாமல் இருந்துவிட்டார்.

தந்தையிடமிருந்து தொழிலை அப்போதுதான் ஏற்றிருந்த இளைய ஸ்டென்ஸ்ருட் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் திரையில் வாசகம் வந்தது: "இன்றைய அறிவிப்புகளை வழங்குவோர் ஸ்டென்ஸ்ருட் அண்ட் சன்." அன்றோடு ப்ரூக்மனிடமிருந்து அழைப்பு நின்றது.

"கத்தோலிக்கங்க சாகறதையே விட்டுட்டாங்க போல," என்றார் டுவெய்ன். "போப்புக்குத் தந்தி குடுக்கணும்."

அக்டோபரில் ஊர்க்காரரான வைஸ்னர் என்ற கத்தோலிக்கரின் மனைவி ரீட்டா, வெர்னாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என் வீட்டுக்காரர் போனது உனக்குத் தெரியாதா, வெர்னா?"

"தெரியாதே, ரீட்டா. எப்போ?"

"சனிக்கிழமை அடக்கம் பண்ணிட்டோம். பால் கூட்டுறவுல முப்பது வருஷம் இருந்த மனுஷன். சர்ச்சுல முன்வரிசை கூட நிறையல. சமைச்ச இறைச்சி அப்படியே கிடக்கு. நாங்க செத்தா உங்க டிவியில வராதா?"

வெர்னா கத்தோலிக்க சர்ச் அலுவலகத்தை அழைத்துப் பெயர்களைக் கேட்டு வாங்கினார். மறுநாள் பன்னிரண்டரைக்கு வைஸ்னரின் பெயரை, அடக்கம் முடிந்துவிட்டது என்ற தகவலோடு, முதலில் வாசித்தார். பிறகு மற்றவர்கள், இரு தரப்பும்.

அன்று மாலையே டுப்ரீ கூப்பிட்டார்.

"ஸ்டென்ஸ்ருட் கத்துறார். 'ப்ரூக்மன் புதைக்கிறதுக்கு நான் காசு கட்டணுமா'ன்னு கேக்கறார். அவர் குடுக்கிற பேர மட்டும் வாசிங்க. உங்க நிகழ்ச்சி நிக்காம நான் பாத்துக்கறேன்."

"ரீட்டா வைஸ்னரும் நானும் ஒரே கடையில வரிசையில நிக்கிறவங்க. அங்க அவ மூஞ்சிய நீங்களா பார்க்கப் போறீங்க?"

"நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுது, க்ரெய்க். முதல்லயே நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அந்த வாரம் முழுவதும் அவர் எல்லாப் பெயர்களையும் வாசித்தார். ஸ்டென்ஸ்ருட் விலகிக்கொண்டார். அக்டோபர் 31 முதல் பன்னிரண்டரைக்கு வினாடி வினா வந்தது. வெர்னாவை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். ப்ரூக்மன் அந்த மேசையின் தொலைபேசிக்கு அழைத்துப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார், குளிர்காலத்தில் ஸ்டென்ஸ்ருட்டும். மதியமானால் ஊர்க்காரர்கள் வெர்னாவை அழைத்து, யார் இறந்தார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

1997 மார்ச்சில் நிலையம் மறுபடியும் கைமாறியது. கேக் வந்தது. வெர்னாவின் வரவேற்பு மேசையை, அதிலிருந்த தொலைபேசியோடு எடுத்துவிட்டார்கள்.