படிக்கட்டில் கோஸ் தண்ணீர்

எங்கள் தேவாலயப் படிகளில் உப்பு போடக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவன் நான்தான். நிர்வாகக் குழுவில் என் பொறுப்பு அந்தப் படிகள் மட்டும். வேறெதையும் என்னை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். மிருதுவான சுண்ணாம்புக்கல், விளிம்பெல்லாம் செதுக்கிய திராட்சைக்கொடி. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கல் பொரிந்து இலை இலையாக உதிரும். இரும்புக் கடப்பாரையும் கூடாது. எல்லாவற்றையும் சிவப்பு மையில் எழுதினேன்.

திருமுழுக்குத் திருநாளுக்கு முந்தின நாள் காலை போய்ப் பார்த்தால், படியிலிருந்த பனிக்கட்டி ரோஜா நிறத்தில் குழைந்து கிடக்கிறது. குனிந்தேன். புளிப்பு வாடை. செதுக்கிய கொடியில் ஒரு முட்டைக்கோஸ் இழை தொங்கிக்கொண்டிருந்தது.

ஆத்திரத்தில் தலையிலிருந்த தொப்பிகூடச் சுட்டது. குளிர்காலத்தில் எல்லார் வீட்டுப் பீப்பாயிலும் உப்புத் தண்ணீரில் கோஸ் ஊறுகிறது. நிறத்துக்காக அதில் பீட்ரூட் போடுகிறவள் எதிர்வீட்டுப் புரோஃபீரா ஒருத்திதான்.

அவள் கதவைத் திறந்ததும் கேட்டேன். "பலகைய படிக்கலையா நீ?"

"படிச்சேனே. நான் எங்க உப்பு போட்டேன்? கோஸ் தண்ணிதானே ஊத்தினேன்."

"அத சர்க்கரையிலயா ஊற வச்ச? உப்பும் புளிப்பும் ஒண்ணா சேர்ந்தது அது. சுண்ணாம்புக்கல்ல கொல்றதுக்கு இதவிட நல்ல மருந்தே கிடையாது."

"கல்லுக்கு இவ்வளவு பதறுறீங்க. அங்க கொஞ்சம் பாருங்க, தோதேர் அண்ணே."

உள்ளே அடுப்போரம் அவள் கணவன் இலாரியே பூட்ஸும் கோட்டும் மாட்டிக்கொண்டு கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் படியில் விழுந்துதான் இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு நாளைக்குத்தான் முதல்முறையாகத் தேவாலயத்தில் பாடப் போகிறார். இன்றே நடந்து பழகுகிறாராம்.

"இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பலகை எழுதினீங்களே, பனிய யாரு அள்ளணும்னு எழுதினீங்களா? பனி கொட்டுனப்ப எங்க இருந்தீங்க?"

கம்பளிக்குள் இருந்தேன், பிளம் சாராயத்தோடு. புதுப்பனியைத் துடைப்பத்தாலேயே தள்ளிவிடலாம். நாலு பேர் மிதித்தால்தான் அது கட்டியாகும். அதையும் எழுதத்தான் நினைத்தேன். பலகையில் இடம் பற்றவில்லை.

ஆத்திரம் ஆறவில்லை. யார் மேல் என்பதுதான் குழம்பிவிட்டது.

"வாளியும் துணியும் எடுத்துட்டு வா. தண்ணி வெதுவெதுன்னு இருந்தா போதும், கொதிக்க வச்சிடாத."

வெயில் ஏறியிருந்தது. குழைந்த பனிக்கட்டியை மரப்பலகையால் அலுங்காமல் தள்ளினேன். அவள் கழுவக் கழுவ, மறுபடி உறைவதற்குள் நான் ஒற்றித் துடைத்தேன். கடைசியில் ஆற்றுமணல் தூவினோம்.

"பீப்பாயில பாதிய கொட்டியிருக்கேன், அதுக்கு ஒரு நன்றி கிடையாது," என்றாள்.

"கல்லு உதிரும்போது வா, சேர்த்துச் சொல்றேன்."

ராத்திரி மறுபடி பனி பெய்தது. விடிந்ததும் யாரும் மிதிப்பதற்குள் நானே கூட்டித் தள்ளி, புது மணல் போட்டேன். இலாரியே என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"பசிக்குதுப்பா, தோதேர். கோஸ் வாடை இன்னும் போகல."

"உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க. கால பாத்து வைங்க."

உள்ளே அவர் பாட ஆரம்பித்தார். சுருதி எப்போதும்போல ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் வெளியிலேயே குந்தி, திராட்சை இலையில் ஒட்டியிருந்த பீட்ரூட் கறையை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி அவளைத் திட்டினேன். அவர் மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும், அடுத்த வரி வரும்வரை திட்டாமல் காத்திருந்தேன்.