அடைக்கோழி உட்கார்ந்த டேப் செட்டு

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ரிப்பேர் கடையில் கிடைத்தது. 2012இல் என் வீட்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் தேவா கடைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் பழைய டேப் செட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஜுரமென்று டாக்டரிடம் வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்கவில்லை. பரிமளா என்று வைத்துக்கொண்டேன். அங்கே காதில் விழுந்தது கொஞ்சம், மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.
தொடக்கம் ஒன்று: 'திண்டிவனத்தில் அன்று நல்ல மழை...' பெய்யவேயில்லை. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: 'இசை என்பது மனித மனத்தின்...' ஐயோ, வேண்டாம் சாமி.

தொடக்கம் மூன்று: தேவா செட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். சரி, இதுவே இருக்கட்டும்.

"யக்கா, மோட்டாரு போச்சு, ஹெட்டு தேஞ்சிபோச்சு, உள்ளார கோழி எறகு வேற கெடக்குது. எல்லாத்தையும் மாத்தணும்னா மெட்ராஸ்லதான் தேடணும். அந்தக் காசுக்குப் புதுசா ரெண்டு செட்டு வாங்கிடலாம்."

"வேற வழியே இல்லியாப்பா?"

"இருக்குது. உள்ள இருக்கறதத் தூக்கிப் போட்டுட்டு, பென்டிரைவ் பாடற போர்டு வச்சித் தரேன். சல்லிசா முடிஞ்சிடும். வெளியப் பாத்தா அதே செட்டுதான். ஆனா கரண்ட்லதான் பாடும், கட்டை போட எடம் இருக்காது."

(கட்டை என்றால் பேட்டரி. டார்ச்சில் போடுகிற பெரிய கட்டை, இந்தச் செட்டுக்கு ஆறு வேண்டும். ஞாபகம் வையுங்கள், பின்னால் தேவைப்படும். கதை எழுதுகிறவன் இப்படி வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பார்கள். சொன்னால் என்ன, குடியா முழுகிவிடும்?)

3.
அந்தச் செட்டு, 1993இல் பரிமளாவின் கல்யாணச் சீரில் வந்தது. அண்ணன் கோதண்டபாணி சொந்த ஊரான காணையில் கரும்பு போட்டு, முதல் வெட்டில் வந்த பணத்தில் வாங்கினார். புகுந்த வீட்டுத் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது.

பன்னிரண்டு வருஷம் பாடிவிட்டு ஒருநாள் நின்றது. பரிமளா அதைப் பின்கட்டில் வைத்தாள். வைத்ததோடு விட்டாளா? பூனைக்குப் பயந்து, அடைக்கோழிக் கூடையை அதன் தலைமேல் ஏற்றினாள். கோழியும் நிம்மதியாக உட்கார்ந்தது. அந்த வாரம் பார்த்தா அண்ணன் வந்து நிற்க வேண்டும்!

"நான் குடுத்த சீரு, கோழிக்கு மணையா?"

அவ்வளவுதான். அவள் கொண்டுவந்த தண்ணீரைக்கூடத் தொடாமல் திரும்பிப் போனார். பரிமளா சொம்பும் கையுமாக வாசலிலேயே நின்றாள். அதோடு போக்குவரத்து நின்றது.

(எனக்கே கோதண்டபாணியின் மேல் சந்தேகம்தான். ஒரு கோழிக்காக ஏழு வருஷமா? ஆனால் பந்தியில் அப்பளம் வைக்க மறந்ததற்கே பேச்சை நிறுத்திய சம்பந்திகளை எனக்குத் தெரியும். அதனால் அவரை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

இப்போது மகள் தமிழ்ச்செல்வி வயசுக்கு வந்துவிட்டாள். மஞ்சத்தண்ணிக்குத் தாய்மாமன் சீர் வராவிட்டால் சபையில் தலை நிமிர முடியுமா? கணவர் அய்யப்பன் காணைக்குப் போய்த் தாம்பூலம் வைத்தார். மச்சான் தட்டை வாங்கிக்கொண்டார், வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால், நுழையும்போது அந்தச் செட்டு பாடிக்கினு இருக்க வேண்டும். பரிமளாவுக்கு வேண்டியது அதுதான்.

"இன்னாடி பேஜாரா கீது உன்னோட. புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார் அய்யப்பன்.

"புதுசு எங்கண்ணன் வாங்கினது இல்லியே."

4.
முழு ரிப்பேர் என்றால் மஞ்சத்தண்ணிக்குச் சீரியல் பல்பும் வீடியோவும் கிடையாது. சல்லிசு ரிப்பேர் என்றால் அண்ணன் கண்ணைக் கட்டுகிற வேலை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நன்றாகத்தான் வந்தன.

(உள்ளே மாட்டியிருந்த கேசட்டில் செத்துப்போன அப்பாவின் குரல் இருந்தது என்று எழுதினால் நீங்கள் அழுவீர்கள். மாட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார், காணையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கினு.)

கடைசியில் பரிமளா தேவாவிடம் குனிந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, சத்தியமாக.

5.
மஞ்சத்தண்ணி அன்று மேளம் முன்னால் வர, தட்டுகள் பின்னால் வர, நடுவில் கோதண்டபாணி வந்தார். பரிமளா உள்ளே ஓடிச் செட்டின் சுவிட்சைத் தட்டினாள்.

கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷம் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் அதிசயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த நிமிஷமா? பரிமளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கோதண்டபாணி தன் கைத்தட்டை இறக்கினார். பட்டுப்புடவை, பூ, வாழைப்பழம். பழத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து, ஆறு பேட்டரிக்கட்டை.

"இந்நேரத்துக்கு எங்க கரண்ட் இருக்கப் போவுது. அந்தச் செட்டு இருக்குதாம்மா?"

எத்தனை கட்டை, எந்தக் கட்டை என்பதுகூட அவருக்கு மறக்கவில்லை. பரிமளா அழுதேவிட்டாள்.

"இருக்குதுண்ணா."

அவர் செட்டைக் குப்புறத் திருப்பி, பின்மூடியில் கட்டைவிரலை வைத்தார்.

இங்கே நான் கையைத் தூக்கிவிடுகிறேன். மூடிக்குள் ஆறு கட்டைக்கு இடம் இருக்கிறதா, இல்லை தேவாவின் போர்டு பல்லிளிக்கிறதா? அவள் குனிந்து சொன்னது என்னவென்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். மூடியைத் திறப்பதும் உங்கள் பாடு. அவசரமில்லை, ஏனென்றால் பரிமளா அதற்குள் சொம்போடு வந்துவிட்டாள்.

"அது கெடக்கட்டும்ணா. மொதல்ல தண்ணி குடி."

கோதண்டபாணி மூடியிலிருந்து விரலை எடுத்தார். சொம்பை வாங்கி, அண்ணாந்து, முழுசும் குடித்தார்.