அபிஷேகப் பால்

ஜெயலக்ஷ்மிக்குப் புருஷனின் வியாதியைவிட அவரைப் பார்க்க வருகிறவர்கள்தான் பெரிய தலைவலியாக இருந்தார்கள்.

ஸ்ரீரங்கனுக்கு ரத்தப் புற்றுநோய். கெட்டுப்போன அணுக்களையே குறிவைத்து வேலை செய்யும் என்று சொல்லி டாக்டர் புது மாத்திரை ஒன்றைக் கொடுத்திருந்தார். கூடவே ஊசி மருந்தும் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "இப்ப அவருக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாதும்மா. பச்சையா எதுவும் கொடுக்காதீங்க. ஜுரம் நூறைத் தாண்டினா உடனே கூட்டிட்டு வந்துடணும். நீங்களா மாத்திரை கொடுத்து இறக்கிடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மயிலாப்பூரில் யார் காதில் ஏறுகிறது? மாத்திரையிலேயே குணமாகிற வியாதிதானே என்று, இருமிக்கொண்டே வந்து நலம் விசாரித்தார்கள். அன்று அவளுடைய அக்கா புருஷர் சுப்பராமன், நந்தனத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு சொம்போடு வந்து நின்றார்.

"அபிஷேகப் பால். ஒரு வாய் போறும்."

"காய்ச்சித் தரட்டுமா அத்திம்பேர்?"

"அபிஷேகப் பாலைக் காய்ச்சறதா? அபச்சாரம்!"

கோயிலில் எத்தனை கை பட்ட பாலோ! ஜெயலக்ஷ்மி சொம்பை வாங்கி, வாசலிலேயே நின்று மடமடவென்று தானே குடித்துவிட்டாள். சுப்பராமன் முகம் சிவக்க, காரைப் பார்த்து நடந்தார்.

போகட்டும் என்று உள்ளே வந்தவள், குளியலறை வாளியில் வியர்வையில் சொட்டச் சொட்ட நனைந்த பனியனைப் பார்த்தாள். காலையில்தான் ஒன்று மாற்றினார். தெர்மாமீட்டர் ஜுரமில்லை என்றதே! ஜுரம் இறங்கினால்தானே இப்படி வியர்க்கும்? தலையணையைத் தூக்கினாள். அடியில் பாதி காலியான ஜுர மாத்திரை அட்டை.

"நேத்திலேர்ந்தே குளிர்றது" என்றார் ஸ்ரீரங்கன், அவள் முகத்தைப் பார்க்காமல். "மறுபடியும் அந்த வார்டுல கொண்டு போட்டுடுவாளேன்னு..."

"ஊரையே வாசல்ல நிறுத்தி வெச்சேனே! நீங்க உள்ளே உக்காந்துண்டு இந்தக் காரியம் பண்ணினேளா?"

அவள் வாசலுக்கு ஓடினாள். நல்ல வேளை, கார் முக்கி முனகி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. "அத்திம்பேர், ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, சுப்பராமன் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். அடையாறு பாலம் வந்ததும் ஸ்ரீரங்கன் மெதுவாகக் கேட்டார். "உன் அத்திம்பேர் சொன்னார், அந்தப் பாலை நீயே குடிச்சியாமே? என்ன வேண்டிண்டே?"

"என்னத்தை வேண்டிக்கறது? நீங்க பிழைக்கணும்னுதான்!"

குரல் உடைந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவர்மேல்தான் கோபம் வந்தது அவளுக்கு.